இரண்டு கண் பெட்டியும் என் தங்கை கல்யாணமும்

என் வீட்டுக்காரருக்கு நாற்பது வயதில் கலை வந்தது. மற்றவர்களுக்கு அந்த வயதில் சர்க்கரை வரும், முட்டிவலி வரும். இவருக்குக் கலை. ஊரில் உள்ளவர்களெல்லாம் பிலிம் கேமராவைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டு டிஜிட்டல் கேமரா வாங்கிக்கொண்டிருந்த சமயத்தில், இவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாரிமுனைப் பக்கம் போய், தன்னைவிட வயதான ஒரு கறுப்புப் பெட்டியை வாங்கிக்கொண்டு கிழக்குத் தாம்பரத்துக்கு வந்து சேர்ந்தார். அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, என் புதுப் பனியன் துணியால் துடைத்தார். பழைய துணி பக்கத்திலேயே கிடந்தது.

பார்க்க ஒரு செங்கல் அளவுக்கு இருந்தது. முன்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ். மேலே இருப்பது நாம் பார்ப்பதற்கு, கீழே இருப்பது படம் பிடிப்பதற்கு என்றார்.

"ஒண்ணாலேயே பார்த்து ஒண்ணாலேயே எடுக்க முடியாதா?" என்று கேட்டேன்.

"அதுதான்டி இதோட அழகு" என்றார்.

என்ன அழகோ. தலையில் ஒரு மூடி இருக்கும். அதைத் தூக்கினால் நான்கு தகரச் சுவர் எழுந்து நிற்கும். உள்ளே தேய்த்த கண்ணாடி ஒன்று. மேல் லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம், உள்ளே சாய்வாக வைத்திருக்கும் ஒரு முகக்கண்ணாடியில் பட்டு மேலே திரும்பி, அந்தத் தேய்த்த கண்ணாடியில் படமாக விழும். அதைப் பார்க்க, பெட்டியைத் தொப்பைமேல் தொங்கவிட்டுக்கொண்டு, தாடை மார்பில் இடிக்கக் குனிந்து நிற்க வேண்டும். எதிரே தாஜ்மகாலே இருந்தாலும் இவர் தன் தொப்புளைத்தான் கும்பிட்டுக்கொண்டு நிற்பார். போதாததற்கு, கண்ணாடியில் விழும் படம் இடம் வலமாக, வலம் இடமாக மாறித் தெரியும். வலப்பக்கம் நடந்து போகிறவன் அதில் இடப்பக்கம் போவான். இதையும் அழகு என்றார்.

பிலிம் அகலமானது, கறுப்புக் காகிதத்தோடு சேர்த்துச் சுற்றியது. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம். பெட்டியின் முதுகில் சின்னதாகச் சிவப்பு ஜன்னல் இருக்கும். பக்கத்தில் இருக்கும் குமிழைத் திருகத் திருக அந்த ஜன்னலில் அடுத்த எண் வந்து நிற்கும். பிறகு ஒரு சிறு நெம்புகோலை இழுத்து ஷட்டரை ஏற்ற வேண்டும். வெளிச்சம் எவ்வளவு என்று வானத்தைப் பார்த்து யோசிக்க வேண்டும். எல்லாம் ஆன பிறகு அமுக்கினால் 'டிக்' என்று ஒரு சத்தம். எங்கள் வீட்டுப் பல்லி அதைவிடக் கனமாகச் சத்தம் போடும்.

இவரைப் போலவே கலை வந்த இன்னும் சில ஆண்கள் செம்பாக்கத்திலும் சேலையூரிலும் இருந்தார்கள். ஞாயிறு காலையில் டீக்கடையில் கூடி, பள்ளிக்கரணைக்குப் போவார்கள், பறவை எடுக்க. தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் வசதி அந்தப் பெட்டிக்குக் கிடையாது. சதுப்பு நிலத்தின் நடுவில் நிற்கும் பூநாரை படத்தில் கடுகு அளவுக்கு விழும். அதுவும், பறவை ஒரு பக்கம் போனால் இவர் பெட்டியை மறுபக்கம் திருப்புவார். குப்பைமேட்டுப் புகையில் கண் எரிய வீட்டுக்கு வந்து, குளியலறையைப் பூட்டிக்கொண்டு மருந்துத் தண்ணீரில் பிலிமைக் கழுவுவார். லாரித் தண்ணீருக்கு நான் குடத்தோடு நிற்கும் காலம் அது. கழுவி முடித்து வந்து, "அந்தப் புள்ளி தெரியுதா? அதுதான் பூநாரை" என்பார். குரங்கு கையில் பூமாலை கொடுத்தால்கூட அது இரண்டு பூவையாவது பார்த்திருக்கும்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். கணவனுக்குக் குடியில்லை, சீட்டில்லை, ஒரு பெட்டி இருந்துவிட்டுப் போகட்டும் என்று. ஆனால் அந்தப் பெட்டி என் தங்கை கல்யாணத்துக்குள் நுழைந்தது.

தங்கைக்கு என்னைவிடப் பன்னிரண்டு வயது குறைவு. அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போன பிறகு அவளுக்குத் தலை வாரியதும், பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனதும், காய்ச்சலில் பக்கத்தில் படுத்ததும் நான்தான். அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் பையன் ஒருவனை விரும்பினாள். கடற்கரை ஊர்க்காரன். அப்பா இல்லை. அம்மா மீன் விற்றுப் படிக்க வைத்திருந்தார். நல்ல பையன், எனக்குப் பிடித்துப்போயிற்று. அவன் அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. தன் தம்பி மகளைக் கட்டி வைப்பதாக இருந்தாராம்.

கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதோடு விட்டாரா என்றால் இல்லை. மகனிடம் ஒரு நிபந்தனையும் போட்டு அனுப்பினார். அவன் வந்து அப்படியே சொன்னான்.

"'தாலி கட்னத பாக்காம அவள வூட்டுக்குள்ள சேக்க மாட்டேன்'னு சொல்லுதுக்கா. 'அப்போ வந்து பாரும்மா'ன்னேன். 'அதான் வரமாட்டேன்னு சொல்லிக்கினு கீறேன்ல, போட்டோ எட்த்துகினு வா, பாக்கறேன்'னு சொல்லுது."

இதென்ன நியாயம் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. தங்கைக்கு வரவில்லை. "போட்டோதானேக்கா, காட்டிடலாம்" என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு அம்மான்னு கூப்பிட ஒரு ஆள் வேணும்க்கா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆசைப்பட்டுவிட்டாள், நடத்திக் கொடுத்துவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

ஆக, அந்தக் கல்யாணத்தில் சாப்பாடு முக்கியமில்லை, மேளம் முக்கியமில்லை. போட்டோதான் முக்கியம். ஸ்டுடியோக்காரரைச் சொல்லிவிடலாம் என்றேன். என் வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"வீட்ல ஒரு போட்டோகிராபர் இருக்கும்போது வெளியாளா?"

எதிர் போர்ஷன் டீச்சர் தன் டிஜிட்டல் கேமராவைக் கொண்டுவருவதாகச் சொன்னார். "அதெல்லாம் வெறும் புள்ளிங்க டீச்சர், போட்டோ இல்ல" என்று அதையும் தடுத்தார். புள்ளியைப் பற்றி யார் பேசுவது பாருங்கள். தங்கை இடையில் புகுந்து, "மாமா ஆசைப்படுறாருக்கா, எடுக்கட்டும்" என்றாள். அவள் வாயைக் கிள்ளியிருக்க வேண்டும்.

திருநீர்மலையில், அடிவாரக் கோயிலில் கல்யாணம். கொஞ்சம் பேர்தான். தாலி கட்டும் நேரத்தில் இவர் மணமக்களுக்கு ஒரு முழ தூரத்தில் போய்க் குனிந்து நின்றார். பட்டர், "சார், கொஞ்சம் தள்ளி நின்னு எடுங்கோ" என்றார். கேட்டால்தானே. டிக்.

கட்டி முடிந்து மாலையோடு வெளியே வந்து நின்றார்கள். பெண் மாப்பிள்ளைக்கு இடப்பக்கம், அவளுக்கு அந்தப் பக்கம் நான். தாலி கட்டும்வரை பெண் மாப்பிள்ளைக்கு வலப்பக்கம் இருப்பாள், கட்டியதும் இடப்பக்கம் வந்துவிடுவாள், அப்புறம் ஆயுசுக்கும் அதுதான் அவள் இடம். இது பால்வாடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"மாறி நில்லுங்க" என்றார். "பொண்ணு அந்தப் பக்கம் வரணும்."

"சரியாத்தானே நிக்கிறா" என்றேன்.

"இதுல மாறித் தெரியுது. கண்ணாடி இடம் வலம் மாத்திக் காட்டும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன். அதை நான் சரிபண்றேன்."

"மாத்திக் காட்டுறது கண்ணாடி. அதுக்கு ஆளை எதுக்கு மாத்தணும்?"

"உனக்கு லென்ஸ் பத்தி என்ன தெரியும்? பேசாம நில்லு."

மாப்பிள்ளை பாவம், பெரியவர் சொல்கிறாரே என்று நகர்ந்தான். தங்கை அவனுக்கு வலப்பக்கம் வந்தாள். அவளை ஒட்டி நானும் வந்து, அவள் தோளில் கை வைத்து நின்றேன். இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டார்கள். கண்ணாடிக்குள் எல்லாம் சரியாகிவிட்டதுபோல, கண்ணாடிக்கு வெளியே எல்லாம் தப்பாகிவிட்டது. மிச்சம் இருந்த படங்களையெல்லாம் அந்த நிலையிலேயே எடுத்துத் தீர்த்தார். இத்தனை நாள் எடுத்ததெல்லாம் பறவையும் பாசியும். பூநாரைக்கு இடப்பக்கம் வலப்பக்கம் இருந்து அது வந்து கேட்டிருந்தால் அப்போதே வண்டவாளம் தெரிந்திருக்கும்.

படங்கள் வந்தன. கறுப்பு வெள்ளை, சும்மா சொல்லக்கூடாது, நன்றாக விழுந்திருந்தன. தாலி கட்டும் படத்தில் தாலி, விரல், மஞ்சள் கயிறு, மாலையின் ஒவ்வொரு இதழும் தெரிந்தது. தலைதான் இல்லை. கிட்டப் போய் எடுத்தால், மேல் லென்ஸ் தலையைப் பார்க்குமாம், அதற்குக் கீழே இருக்கும் லென்ஸ் தலையை விட்டுவிட்டுக் கழுத்திலிருந்து பிடிக்குமாம். இதை அவரே பிற்பாடு எனக்கு விளக்கினார். அதிலும் பெருமை. மற்ற படங்களில் தலை இருந்தது, எல்லாவற்றிலும் பெண் வலப்பக்கம் இருந்தாள். மாலை கனத்தில் தாலி உள்ளே மறைந்திருந்தது.

வேறு வழியில்லை, அதையே எடுத்துக்கொண்டு நானும் தங்கையும் மாப்பிள்ளையும் அவன் ஊருக்குப் போனோம். அவன் அம்மா வாசலில் உட்கார்ந்து கருவாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை, வா என்றும் சொல்லவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, முதல் படத்தை ஓரமாகப் பிடித்து வாங்கினார்.

"இது யார் கழுத்து?"

"என்னோடதுங்க" என்றாள் தங்கை.

"தல எங்க?"

தங்கை என்னைப் பார்த்தாள்.

"வெறும் கழுத்த வச்சிகினு நான் இன்னா பண்றது? எந்தத் தலைக்கு எந்தக் கழுத்துன்னு நான் எங்க போய்த் தேடறது?" அடுத்த படத்தை வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். மகனை நிமிர்ந்து பார்த்தார். "ஏன்டா, இவ இன்னாத்துக்கு சோத்தாங்கை பக்கம் நின்னுகினு கீறா? இது கட்றதுக்கு முன்னால எட்த்தது. தாலி கட்னது எங்க?"

நான் நடந்ததைச் சொன்னேன். கேமராவில் மாறித் தெரியும் என்று என் வீட்டுக்காரர்தான் மாற்றி நிற்க வைத்தார் என்றேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது நான் என் வீட்டுக்காரரைப் பார்க்கும் அதே பார்வை. அது என் பக்கம் திரும்பியது எனக்கு அன்றுதான் முதல் தடவை.

"கழுத்துலயே இருக்கே, பாருங்க" என்று தங்கை தாலியை எடுத்துக் காட்டினாள்.

"தாலி கடையில கூட விக்கிது" என்றார். "மறுபடி மால போட்டுகினு ஸ்டுடியோவுல நின்னு எட்த்துகினு வராத. எனக்கு அன்னிய மூஞ்சி வோணும்."

கல்யாணத்துக்கு வராத மனுஷிக்கு, அதில் குறை பிடிக்க மட்டும் கண் எப்படி இருந்தது பாருங்கள். அவர் பிடிவாதத்தைக் கொட்டி வைக்க அந்தக் கடல் போதாது. ஆனாலும் படத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி கருவாட்டைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

தங்கை கூடுவாஞ்சேரியில் வாடகை போர்ஷனில் குடித்தனம் வைத்தாள். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா வீட்டுக்குத் தனியாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவான். "மீன் குழம்பு வாசனையோட வர்றாருக்கா. எனக்கு ஒரு கிண்ணம்கூடக் குடுத்தனுப்பல" என்று போனில் அழுவாள். நான் போனை வைத்துவிட்டு இவரை முறைப்பேன். இவர் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருப்பார். படத்தில் ஒரு தப்பும் இல்லை, பார்க்கிறவர்களுக்குத்தான் விவரம் போதாது என்பார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்.

ஒருநாள் ஆபீசிலிருந்து வரும்போதே முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்தா இடம் வலம் மாறிடும். பொண்ணு தானா இடப்பக்கம் வந்துடுவா. இது ஏன் எனக்கு முதல்லயே தோணல?"

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது, வெட்கக்கேடு. ஸ்டுடியோவில் திருப்பிப் போட்டு வாங்கிக்கொண்டு, இந்தத் தடவை அவரும் கூட வந்தார், தானே விளக்குவதாக. அந்த அம்மா படத்தை வாங்கிப் பார்த்தார். பெண் இடப்பக்கம் நின்றாள். இவர் மீசையைத் தடவினார்.

"இது இன்னா, சேட்டு வூட்டுப் பொண்ணா?" என்றார் அவர்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். புடவைத் தலைப்பு வலது தோளில் கிடந்தது. மாப்பிள்ளையின் சட்டைப்பை வலப்பக்கம் போயிருந்தது. பின்னால் சுவரில் காலணிகளை இங்கே விடவும் என்று எழுதியிருந்ததில் ஒரு எழுத்துகூடப் படிக்க முடியவில்லை.

"என் புள்ள பீச்சாங்கையில வாச்சு கட்டுவான். இதுல சோத்தாங்கையில கட்டிக்கினு கீறான். யார்ரா இவன்?"

"அது வந்தும்மா, நெகட்டிவ்ல எமல்ஷன் பக்கம்னு ஒண்ணு இருக்கு, அதைத் திருப்பினா..." என்று இவர் தொடங்கினார்.

"நீதான் அந்த போட்டோக்காரரா?" என்றார் அந்த அம்மா. "உனுக்கு ஒரு வேல குட்த்தா அத செய்ய மாட்டியா நீ? நேரா நிக்க வச்சி நேரா எட்த்துக் குடுக்க எம்மாந்நேரம் ஆவும்?"

இந்த ஒரு கேள்வியை எத்தனையோ மாதமாக நான் எத்தனையோ விதமாகக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு நன்றாகக் கேட்டதில்லை. இவர் திரும்பி நடந்தார். அந்த அம்மா அந்தப் படத்தை என் தங்கை கையிலேயே திணித்துவிட்டார். திரும்பும் பஸ்ஸில் தங்கை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன், இழுத்துக்கொண்டாள். என் புருஷன் செய்ததற்கு நானும் பொறுப்பு என்பதுபோல இருந்தது. இருக்கலாம்.

அதற்குப் பிறகு சில வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளை போன் செய்தான். குரலே வேறு மாதிரி இருந்தது.

"அம்மா உங்க எல்லாரையும் இட்டுகினு வர சொல்லுதுக்கா. நாளைக்கே."

ஏன் என்று அவனுக்கும் தெரியவில்லை. போனோம். வாசலில் ஆரத்தித் தட்டு இருந்தது. தங்கை அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். அந்த அம்மா வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து, மகனுக்கு இடப்பக்கம் கொண்டுவந்து நிறுத்தி, ஆரத்தி சுற்றினார்.

"உள்ள வா. போட்டோவ நானே சரி பண்ட்டேன்" என்றார்.

தங்கை வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். நாங்களும் பின்னால் போனோம். சாமி படங்களுக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது, முதல் தடவை கொடுத்த அதே படம். அதை நடுவில், கோத்த கைகளுக்கு இடையே, கத்திரிக்கோலால் இரண்டாக வெட்டி, பெண்ணை அந்தப் பக்கமும் பையனை இந்தப் பக்கமுமாக மாற்றி ஒட்டியிருந்தார். புடவைத் தலைப்பு சரியாக இடது தோளில் இருந்தது. வாட்ச் சரியான கையில் இருந்தது. கோத்திருந்த கைகள்தான் பிரிந்து, ஆளுக்கொரு ஓரத்தில், எதையோ கேட்டு நீட்டியதுபோல இருந்தன. வெட்டு நேராகவும் இல்லை.

என் வீட்டுக்காரர் சட்டத்துக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறார், ஸ்கேல் வைத்து வெட்டியிருக்கலாம் என்பார், வாயை மூடச் சொல்ல வேண்டும் என்று நான் காத்திருந்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உன்னை வெட்டிட்டாங்க" என்று மெல்லச் சொன்னார்.

பார்த்தேன். தங்கைக்கு ஓரத்தில் நின்றவள் நான். பாதிகளை மாற்றிப் போட்டதும், அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றிருப்பேன். அதனால் என்னைத் தங்கையின் தோளை ஒட்டி வெட்டி எடுத்திருந்தார். அவள் தோளில் வைத்திருந்த என் விரல்கள் நான்கு மட்டும் அங்கே மிச்சம் இருந்தன, யாருடையவை என்று தெரியாமல்.

அந்த அம்மா என் பார்வையைக் கவனித்துவிட்டார். அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"நடுவுல வந்துட்டீங்கம்மா நீங்க. இன்னா பண்றது?" என்றார். பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "குந்துங்க, துன்னுட்டுத்தான் போவணும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

உட்கார்ந்தேன். உள்ளே பாத்திரச் சத்தமும், தங்கை சிரிக்கும் சத்தமும் கேட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, வயிறும் எரிந்தது. "அம்மா, உப்பு எங்கம்மா கீது?" என்று அவள் கேட்டாள். எப்போது அந்தப் பேச்சைக் கற்றுக்கொண்டாளோ. அவள் சமையலறையில் எது எங்கே என்று கேட்டால் இத்தனை வருஷமாக நான்தான் எங்கிருந்தாலும் பதில் சொல்வேன். வாய் தானாகத் திறந்தது. அந்த வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.